முட்டுக்கட்டை போடுகிறவர்கள்

அன்புத் தம்பிக்கு,

உன் திரைக்கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை ராத்திரி ஒரே மூச்சில். மறுநாள் பென்சிலை வைத்துக்கொண்டு. நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலவே தங்கள் வீட்டுக் கதையைக் காதலும் சிரிப்புமாகப் படம் எடுக்க நினைக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரையாவது புதுச்சேரியில் எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன். கேட்டதும் சரி என்றாய். சந்தோஷம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் ஃபைபர் படகு கரையேறியதும் உங்கள் ஊர் வீராம்பட்டினத்து மணலில் நடக்கிற மீன் ஏலம். அந்தக் கூச்சலுக்கு நடுவில் நோட்டும் பேனாவுமாக நின்று, யார் எத்தனை கூடை எடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுகிற உன் கதாநாயகி. முப்பது வயதாகியும் கல்யாணம் தள்ளிப்போனவள். இவளை நான் இதுவரை எந்தத் தமிழ்ப் படத்திலும் பார்த்ததில்லை. அவளுக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளை பாரீஸ் பக்கத்து சார்செல்லில் இருந்து வருகிற பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காரன். அவனுடைய பங்காளி வீட்டுப் பையன் அரியாங்குப்பத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறான். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் அவள் மனசு இவனிடம் போய்விடுகிறது. 'மூன்ஸ்ட்ரக்' பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் என்று மறைக்காமல் சொன்னாய். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீ அந்தப் படத்தின் கதையை எடுத்துக்கொண்டு, அந்தக் கதையை நிற்க வைத்த காரியத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

1987 கடைசியில் வந்த படம். நார்மன் ஜூவிசன் இயக்கியது, ஜான் பேட்ரிக் ஷான்லி எழுதியது. நியூயார்க்கில், புரூக்ளினில் வேர்விட்ட இத்தாலியக் குடும்பம் ஒன்று. லொரெட்டா முப்பத்தேழு வயது விதவை, கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். நல்லவனும் சோனியுமான ஜானிக்குச் சரி என்கிறாள். அவன் சாகக் கிடக்கிற அம்மாவைப் பார்க்க சிசிலிக்குப் போகும்போது, பேச்சில்லாத தம்பி ரானியைக் கல்யாணத்துக்கு அழைக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். மிச்சம் உனக்குத் தெரியும். 1988 ஆஸ்கரில் மூன்று விருது: லொரெட்டாவாக நடித்த ஷெருக்கு, அம்மாவாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸுக்கு, எழுதிய ஷான்லிக்கு.

இந்த மூன்று பேரில் ஒருவரும் இத்தாலியர் இல்லை என்பதைக் கவனி. ஷெர் தகப்பன் வழியில் ஆர்மீனியர், டுகாகிஸ் கிரேக்க வம்சம். ஷான்லி ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. பிராங்ஸில் இத்தாலியர்களோடு கலந்து வாழ்ந்த தெருவில் வளர்ந்தவர். ஜூவிசன் கனடாக்காரர். அடுத்த வீட்டுச் சமையலறையைக் கண்ணும் காதுமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் எடுத்த படம் அது. அந்தப் படத்தில் ஒரு ஆள்கூட, இத்தாலியர்கள் என்றால் இப்படித்தான் என்று யாருக்கும் விளக்குவதில்லை. அவர்கள் பாட்டுக்குக் குடமிளகாயோடு முட்டையைப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், முதல் கல்யாணத்தைக் கோயிலில் செய்யாததால்தான் புருஷன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தான் என்று நம்புகிறார்கள். சகுனம் பார்க்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு லொரெட்டாவைப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

உன் முதல் மூன்று பக்கத்தில் மஞ்சள் சுவர், போகன்வில்லா, சைக்கிளில் போகிற வெள்ளைக்காரி. வீராம்பட்டினத்துப் பெண்ணின் கதைக்கு அதெல்லாம் எதற்கு? அவள் புதுச்சேரிக்குள் நுழைவது கூபேர் மார்க்கெட்டுக்கு, கூடையோடு. அங்கே ஈரத் தரையில் எந்த இடத்தில் கால் வைத்தால் வழுக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைக் காட்டு, போதும்.

(இத்தாலி உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த வழவழப்பான சிவப்புப் பாண்டங்கள் உண்டு. திராட்சை ரசமும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகள் உண்டு; மீனை உப்பில் நொதிக்க வைத்து எடுக்கிற கரும் என்ற சாறு வந்த ஜாடிகளும் உண்டு. கருவாடு போடுகிற கரைக்குக் கடல் தாண்டி மீன்சாறு வந்திருக்கிறது! வீலருக்குப் பிறகு தோண்டிய பிரெஞ்சுக்காரர் கசால், 1949-இல் போட்ட தன் புத்தகத்தின் தலைப்பிலேயே உங்கள் ஊர்ப் பெயரை வைத்தார். இதை எல்லாம் தெரிந்து வைத்துக்கொள். தயவுசெய்து வசனத்தில் வைத்துவிடாதே.)

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். உன் கதையில் காதலர் இரண்டு பேரும் மனிதர்கள். மற்ற எல்லோரும் சிரிப்புக்காக நிறுத்தி வைத்த ஆட்கள். அப்பா குடித்துவிட்டு உளறுகிறார். அம்மா சீரியல் பார்த்து அழுகிறாள். மாப்பிள்ளையின் தாத்தா பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எதற்கெடுத்தாலும் விறைப்பாக சல்யூட் அடித்து 'வீ முசியே' என்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து காதலுக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். கடைசியில் திருந்துகிறார்கள்.

மூன்ஸ்ட்ரக்கில் அந்த ரொட்டிக்கடைக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார். நிலவறையில் அடுப்புக்கு முன்னால் வேர்த்து நிற்கிறான் ரானி. ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணன் ரொட்டி வாங்க வந்தான்; அவனோடு பேசிக்கொண்டே வெட்டும்போது கை இயந்திரத்தில் போய்விட்டது. நிச்சயம் பண்ணின பெண்ணும் போய்விட்டாள். இப்போது கட்டைக் கை. அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பார்க்கிற நமக்குத் தெரிகிறது. அவனோ பெரிய கத்தியைக் கொண்டு வா, கழுத்தை அறுத்துக்கொள்கிறேன் என்று கடைப் பெண்ணைப் பார்த்துக் கத்துகிறான். நிக்கோலஸ் கேஜ் அதை ஒரு துளிகூடக் குறைக்காமல், கூத்தில் துரியோதனன் தொடை பிளந்து கிடந்து புலம்புகிற மாதிரி நடிக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. கடைப் பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருக்கிறாள், அவளுக்கு அவன்மேல் ஆசை.

லொரெட்டாவின் அப்பா காஸ்மோ பிளம்பர். ஒரு இளம் தம்பதியிடம், மூன்று விதக் குழாய் இருக்கிறது, நான் போடுவது செப்புக் குழாய் மட்டும்தான் என்று பூசாரி உடுக்கை அடிக்கிற பக்தியோடு சொல்கிறான். அவர்கள் கணக்குப் பார்க்காமல் தலையாட்டிவிடுகிறார்கள். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. குழாயில் அவனுக்கு நிஜமான நம்பிக்கை. காசில் ஆசை. சாவில் பயம், அதனால்தான் இந்த வயதில் இன்னொருத்தியோடு சுற்றுகிறான். அவன் மனைவி ரோஸுக்கு இது தெரிகிறது. ஆண்கள் ஏன் பெண்களைத் துரத்துகிறார்கள் என்று கிடைக்கிற ஆளையெல்லாம் கேட்கிறாள். அவள் படுகிற பாடு கதாநாயகி படுகிற பாட்டுக்கு ஒரு மாற்றும் குறைவில்லை. அந்தப் படத்தில் அநேகமாக எல்லோருமே காதலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள். லொரெட்டாவும் ரானியும் அதில் இரண்டு பேர், அவ்வளவுதான்.

நம்மிடமும் இது இருந்தது. 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது. நாகேஷைப் பார்க்காமல் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிரு. மனிதர் உண்மையாகவே நடுங்குகிறார். தோட்டம் துரவு உள்ள பெரிய மனுஷன், பிள்ளை சொல்கிற கதைக்கு வேர்க்கிறார். அவருக்கு அது விளையாட்டு இல்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து 1986-இல் 'சம்சாரம் அது மின்சாரம்'. வீட்டுக்கு நடுவில் கோடு கிழிக்கிற அப்பாவுக்கு அந்தக் கோடு நெஞ்சில் கிழித்தது. அதற்கப்புறம் எப்போது நம் படங்களில் அப்பா அம்மா எல்லாம் இரண்டு நகைச்சுவைக்கு இடையில் வந்து போகிறவர்கள் ஆனார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனது வருத்தமாக இருக்கிறது.

உன் சொல்தா தாத்தாவைப் பற்றி எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா சொல்தாவாக இருந்தவர். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். பென்ஷனோடு வந்து சேர்ந்து, தினமும் காலையில் தானே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொள்வார், எங்கும் போகாத நாளிலும். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் போர் நினைவிடத்துக்குப் போவார். ஒரு பதக்கத்தின் நாடா இற்றுப்போனபோது பெரியம்மா தன் பழைய புடவையின் சிவப்பு நூலை உருவி அதைத் தைத்துக் கொடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு சிவப்பும் வேறு வேறு என்று தெரியும்.

கல்லூரி நாடகத்தில் அவரை அப்படியே தூக்கி வைத்தேன். மீன்காரியிடம் பிரெஞ்சில் பேரம் பேசுகிற கிழவன். அரங்கம் அதிர்ந்தது. அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததை மேடைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்தார். அந்த வருஷம் ஜூலை 14-க்கு மட்டும் போகவில்லை. அவர் பிரெஞ்சில் பேசும்போது ஏன் அவ்வளவு வேகமாகப் பேசினார் என்று அவர் போன பிறகு பெரியம்மாதான் சொன்னார். பட்டாளத்தில் பதில் சொல்லத் தாமதமானால் மற்றவர்கள் முன்னால் நிறுத்திவைத்து மறுபடி மறுபடி சொல்லச் சொல்வார்களாம். அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் எழுதியிருக்கக் கூடிய நாடகம் வேறு. அதிலும் ஜனங்கள் சிரித்திருப்பார்கள். அவரும் உட்கார்ந்து பார்த்திருப்பார்.

ஆகவே அந்தத் தாத்தாவிடம் இருந்து சல்யூட்டை எடுத்துவிட்டு அவருக்கு ஒரு ஆசையையும் ஒரு பயத்தையும் கொடு. அது எங்கே இருக்கிறது என்றும் காட்டுகிறேன். இரண்டு பங்காளி வீட்டுக்கும் பகை வந்த காரணத்தை 'சொத்துத் தகராறு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். மதுரையிலும் அது நடக்கும், மாயவரத்திலும் நடக்கும். புதுச்சேரியில் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று உன் காலடியில் கிடக்கிறது.

1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர். அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள். ஒருவருக்கு அது பட்டாளத்துச் சோறு, பிள்ளைகளின் படிப்பு. இன்னொருவருக்கு அது கொடி இறங்கின தேசம், அப்பாவைப் புதைத்த மண். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். தன் கையை அண்ணன் வெட்டவில்லை, ஆனாலும் ஐந்து வருஷம் பேச்சில்லை என்கிற ரானியின் கோபத்துக்கு நிகரான ஒன்று இதில் இருக்கிறது. ஒரு காகிதத்தில் ஒரு கையெழுத்து. அறுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பேரன் சிவப்பு பாஸ்போர்ட்டோடு விமானத்தில் இறங்குகிறான். இன்னொரு பேரன் எண்ணெய்க் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஊரில் நேஷனாலிட்டி வரனுக்கு இருக்கிற கிராக்கி உனக்கே தெரியும். உன் கதாநாயகியின் அம்மா அந்த வரனுக்காக ஏங்குவதைப் பேராசை என்று எழுதியிருக்கிறாய். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் ஆரம்பித்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த நாட்களில் அடுப்பு எரிக்கிறவள் அவள். மகளாவது மாதா மாதம் சம்பளம் வருகிற வீட்டில் போய் விழட்டும் என்று நினைக்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டின் பிரெஞ்சுக் குடும்பப் பெயரைப் பெண் வீட்டார் தப்புத் தப்பாகக் கூப்பிடுவதை ஆறு இடத்தில் வைத்திருக்கிறாய். ஒரு இடம் போதும். அதுவும் அந்தப் பெயரின் கதை தெரிந்து வை. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, ஜாதி வழக்கங்களை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. கோர்ட்டுக்குள் ஐரோப்பியச் செருப்போடு போனதற்காகத் தடுக்கப்பட்டு, அந்த வழக்கைக் கடைசிவரை நடத்தியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். வாசல் என்று அர்த்தம். ஜாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வாயால் வேறு பெயர் சொல்ல வைத்ததும் அந்த ஆணையால் நடந்தது.

அப்புறம் தேரோட்டம். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரை உச்சக்காட்சியாக வைத்தது சரிதான். வெள்ளைக்காரன் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார், இன்றைக்குத் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடிக்கிறார்கள். அந்த மரியாதை உங்கள் ஊருக்கே உரியது. உன் கேமரா முழுக்க அங்கேயே நிற்கிறது. கொஞ்சம் பின்னால் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிற ஆளைப் பார். கையில் முட்டுக்கட்டை. ஒரு கணம் முந்தினால் தேர் நின்றுவிடும், பிந்தினால் விரல் போகும். நாம் பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தேர் மூலை திரும்புவதே அவர் எந்தச் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் கட்டை கொடுக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் இழுத்தாலும் திருப்புகிறவர் அவர். உன் கதையில் காதலுக்கு முட்டுக்கட்டை போடுகிற அம்மா, தாத்தா, ஊர்ப் பஞ்சாயத்தார் எல்லோரையும் அந்த ஆளாக நினைத்து மறுபடி எழுதிப் பார்.

ரோஸ் அப்படித்தான் கட்டை கொடுக்கிறாள். ஆரம்பத்தில் மகளிடம் கேட்கிறாள், ஜானிமேல் உனக்குக் காதலா என்று. இல்லை என்கிறாள் மகள். நல்லதாகப் போயிற்று என்கிறாள் அம்மா. கடைசியில் சமையலறையில் ரானியைக் காட்டி அதே கேள்வி. ரொம்ப, ரொம்பக் காதல் என்கிறாள் மகள். அம்மா பரிதாபப்படுகிறாள். ஒரே கேள்வி, இரண்டு தடவை. அதற்குள் முழுப்படமும் திரும்பிவிட்டது. உன் கதையில் அம்மாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற காட்சி ஒன்றுகூட இல்லை. நம் வீடுகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யாரும் பேசுவதில்லைதான். நெத்திலியை வெயிலில் பரப்பிக் காக்கைக்குக் காவல் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம் என்ன ஆயிற்று? அங்கே வை அந்தக் கேள்வியை. முகம் பார்க்காமல் கேட்கட்டும்.

சார்செல் மாப்பிள்ளையை முட்டாளாக்காதே. பாரீஸில் லா ஷப்பேல் பக்கம் ஆகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேர் போகிறது; தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அவன் அங்கே வடம் இழுத்தவனாக இருக்கட்டும். உங்கள் ஊர்த் தேரில் கை வைத்ததும் எங்கே பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதை அவள் பார்ப்பாள். அவனை வேண்டாம் என்று சொல்வது அப்போதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, அந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. முடிவுக் காட்சியில் எல்லோரும் சமையலறையில் ஜானிக்காகக் காத்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது. வருவது ஜானி இல்லை, லொரெட்டாவின் மாமாவும் மாமியும். முகம் வெளிறிப்போய் நிற்கிறார்கள். முந்தின நாள் கடை வசூலை அவள் பாங்கில் கட்டவில்லை, என்ன ஆயிற்றோ என்ற பயம். மறந்துவிட்டேன் என்கிறாள். ஒரு பைசா பிசகாமல் ஊர் கணக்கு எழுதுகிறவள், பணப்பையை மறந்திருக்கிறாள். அவள் காதலில் விழுந்தாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? படத்தில் வருகிற ஓபராவும் நிலாவும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

உன் கதாநாயகி காதலில் விழுந்ததைக் காட்ட நீ மழையை வரவழைத்திருக்கிறாய், பாட்டு வைத்திருக்கிறாய். அவளும் கணக்கு எழுதுகிறவள். எஞ்சின் கடையில் இருந்து திரும்பின மறுநாள் காலை ஏலத்தில் அவள் எங்கே தப்பு விடுவாள்? சங்கராவை வஞ்சிரம் என்று எழுதுவாளா? வாங்கின பாக்கியைத் தராத பாக்கியில் போடுவாளா? எந்தக் கிழவி அதைக் கண்டுபிடித்து ஒன்றும் சொல்லாமல் அவளை நிமிர்ந்து பார்ப்பாள்? உன் திரைக்கதையில் 'நோட்டில் எழுதுகிறாள்' என்று மட்டும் பதினோரு இடத்தில் வருகிறது. என்ன எழுதுகிறாள் என்று ஒரு இடத்திலும் இல்லை. பெயரா, பட்டப்பெயரா, கோடா, புள்ளியா? எனக்குத் தெரியாது. உன் அம்மா இருபது வருஷமாக அந்தக் கரையில் அந்தக் கணக்கை எழுதுகிறவர்கள், அவர்களுக்குத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை படகு கரையேறுகிற நேரத்துக்கு வந்துவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டு பழைய நோட்டு ஒன்றை எடுத்து வை. ஒரு பக்கமாவது நாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்